ரத்தம் படாத மண்

இரவு பதினொன்றரை மணி. கன்னியாகுமரி மாவட்டத்தின் மேற்கு ஓரத்தில் ஒரு ரப்பர் விளை. வெட்டுப்பட்டவரை வாடகைக் காரில் தூக்கிப்போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருந்தார்கள். அவர் வழியிலேயே இறந்துவிட்ட செய்தி ஸ்டேஷனுக்கு வந்தபோது, சம்பவ இடத்தில் நின்றது ஒரே ஒரு போலீஸ்காரர். கிரேடு டூ. வேலையில் சேர்ந்து மூன்று வருடம் ஆகவில்லை. கையில் ஒரு டார்ச்சும் லத்தியும். சுற்றிலும் ஐம்பது பேருக்குக் குறையாத கூட்டம். மேலே இடி முழங்கிக்கொண்டிருந்தது.

மரத்தடியில் ஈர மண்ணில் ஒரு செருப்புத் தடம். குதிகால் பக்கம் தேய்ந்த செருப்பு. அதற்கு இரண்டடி தள்ளி ரத்தம் ஊறிய இடம். இன்ஸ்பெக்டர் வர விடிந்துவிடும். மழை அதுவரை காத்திருக்காது. பக்கத்து வீட்டுப் பாட்டி ஒருத்தி அவர் நிற்கிற நிலையைப் பார்த்தாள். “மக்கா, இன்னா இதக் கவுத்து வய்யி” என்று அடுக்களையிலிருந்து ஒரு சருவத்தைக் கொண்டுவந்து கொடுத்தாள். தடத்தின் மேல் சருவம். ரத்தம் கிடந்த இடத்தின் மேல் ஒரு கடவம், அதற்கு மேலே ரப்பர் மரத்துக்கு மழை மறைப்பாகக் கட்டுகிற பிளாஸ்டிக் தாள், தாளின் நாலு முனையிலும் கல். விடியும்வரை அவர் இரண்டுக்கும் நடுவில் நனைந்துகொண்டே நின்றார்.

காலையில் இன்ஸ்பெக்டர் வந்து சருவத்தை மெதுவாகத் தூக்கினார். தடம் வைத்தது வைத்தபடி இருந்தது. “யாருடே இதக் கவுத்தது?” என்று கேட்டார். திட்டப்போகிறார் என்று பயந்துகொண்டே இவர் கையைத் தூக்கினார். அன்று மதியமே இன்ஸ்பெக்டர் அவரை ரைட்டருக்கு உதவியாக ஸ்டேஷனில் உட்காரவைத்தார்.

அவர் 2019-ல் சிறப்பு உதவி ஆய்வாளராக ஓய்வுபெற்றார். தன் பெயர் இதில் வர வேண்டாம் என்று கேட்டுக்கொண்டவர். கொலை வழக்கை விசாரிப்பது இன்ஸ்பெக்டர்தான். ஆனால் அந்த இன்ஸ்பெக்டர் சொல்லச் சொல்ல எழுதுவது, அளவு பிடிப்பது, பொட்டலம் கட்டுவது, அரக்கு வைப்பது, கோர்ட்டுக்குக் கொண்டுபோவது எல்லாம் ரைட்டரின் கை. அந்தக் கையாகத்தான் அவர் பெரும்பாலான வருடங்கள் இருந்தார்.

வெறும் 1,672 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள மாவட்டம். அதற்குள் எத்தனை மண்! தோவாளை, அகஸ்தீஸ்வரம் பக்கம் வயல் களிமண். காய்ந்தால் தடத்தை அச்சு வார்த்ததுபோல வைத்திருக்கும். கல்குளம், விளவங்கோடு மேட்டில் செம்மண். அதில் விழுந்த ரத்தம் ஒரு மணி நேரத்தில் மண்ணோடு நிறம் கலந்துபோகும், டார்ச் வெளிச்சத்தில் கண்ணுக்கே படாது. ஈ மொய்க்கிற இடத்தைப் பார், எறும்பு போகிற திக்கைப் பார் என்று பழைய ஏட்டு ஒருவர் அவருக்குச் சொல்லிக்கொடுத்தார். மணவாளக்குறிச்சிக் கடற்கரையில் கறுப்பும் சிவப்புமாகத் தாது மணல். அந்த மணல் ஒருவன் செருப்பின் இடுக்கில் இருந்தால், அவன் எந்தக் கரையில் நடந்தான் என்று கேட்க வழி பிறக்கும்.

ரத்தம் தோய்ந்த மண்ணை எடுப்பது எல்லோருக்கும் தெரியும். அதன் பக்கத்திலேயே ரத்தம் படாத மண்ணையும் ஒரு பிடி எடுக்க வேண்டும் என்பது வெளியில் பலருக்குத் தெரியாது. ஆய்வகத்தில் இரண்டையும் ஒப்பிட்டால்தான், கறையாகத் தெரிவது மண்ணின் சொந்தக் குணமா வெளியிலிருந்து வந்ததா என்று சொல்ல முடியும். சிமெண்ட் தரை என்றால் உளியால் கறை படிந்த பெயர்ப்பு ஒன்று, படியாத பெயர்ப்பு ஒன்று. இரண்டும் தனித்தனிப் பொட்டலம், தனித்தனி எண், ஒரே சாட்சிகளின் கையெழுத்து.

அவர் எடுக்கும் முறை இப்படி இருந்தது. முதலில் போட்டோ. பிறகு நிலைத்த இரண்டு இடங்களிலிருந்து கறைக்கு அளவு. பிறகு சுத்தமான கரண்டியால் மேல் மண்ணைச் சுரண்டாமல் கறை இறங்கிய ஆழம்வரை அள்ளி, காகிதத்தில் பரப்பி, நிழலில் உலர்த்தி, காகித உறையில் போடுவது. படாத மண்ணுக்கு வேறு கரண்டி. வேறு கரண்டி இல்லாத நாளில் படாத மண்ணைத்தான் முதலில் எடுப்பார். ஆரம்ப காலத்தில் பல இடங்களில் ரத்தத் துணியை ஈரத்தோடு பிளாஸ்டிக் பையில் சுருட்டி வைத்துவிடுவார்கள். இந்த ஊர் ஈரக்காற்றுக்கு நாலே நாளில் பூஞ்சை பிடித்துவிடும். ஆய்வறிக்கை வரும்போது ‘ரத்தப் பிரிவு கண்டறிய இயலவில்லை’ என்று ஒரு வரி இருக்கும். அந்த ஒரு வரிக்காகக் கோர்ட்டில் அரசு வக்கீல் திணறுவதை அவர் பார்த்திருக்கிறார். அதன்பிறகு அவருடைய ஸ்டேஷனில் மாடிப்படிக்குக் கீழே ஒரு கொடி கட்டினார். துணி அங்கே காயும், கீழே காகிதம் விரித்திருக்கும், அந்தக் காகிதத்தையும் சேர்த்துத்தான் பொட்டலம்.

குற்றவாளி தடயத்தை அழிப்பதைவிட உறவுக்காரர்கள் அழிப்பதுதான் அதிகம் என்பது அவருடைய நீண்ட நாள் அனுபவம். யாரையும் குற்றம் சொல்லி அவர் இதைப் பேசுவதில்லை. வீட்டுக்குள் ஓர் உயிர் போயிருக்கிறது, நாலு பேர் வந்து நிற்கப்போகிறார்கள். அந்த வீட்டுப் பெண் முதலில் செய்வது தரையைக் கழுவுவது. தண்ணீர் ஊற்றித் துடைத்து, சாம்பிராணி போட்டு, விளக்கேற்றிவிடுவாள். தூக்கில் தொங்கியவரைப் பெற்ற தகப்பன் பதறி இறக்கும்போது கயிற்றை அவிழ்த்துவிடுகிறான். உயிர் இருக்குமோ என்ற தவிப்பில் செய்வதை எந்தப் போலீஸ்காரன் தடுக்க முடியும்? உயிர் முதலில், தடயம் பிறகுதான். ஆனால் உயிர் இல்லை என்பது நிச்சயமாகிவிட்டால் முடிச்சை மட்டும் தொடக்கூடாது. முடிச்சுக்குத் தள்ளி வேறிடத்தில் அறுத்து, அறுத்த இரண்டு முனையையும் நூலால் கட்டி வைக்க வேண்டும். முடிச்சு, அதைப் போட்ட கையின் பழக்கத்தைச் சொல்லும். கடற்கரைக்காரர் போடுகிற முடிச்சு ஒன்று, பனையேறுகிறவர் போடுவது ஒன்று, மாடு கட்டுகிறவர் போடுவது வேறு. ஓர் ஆள் தனக்குத் தானே போட்டுக்கொண்டதாகச் சொல்லப்படும் முடிச்சு, அவர் வாழ்க்கையில் ஒருநாளும் போட்டறியாத முடிச்சாக இருந்தால் அங்கே கேள்வி தொடங்குகிறது.

இதெல்லாம் புதிதாகக் கண்டுபிடித்த சங்கதி இல்லை. ஆஸ்திரியாவில் விசாரணை நீதிபதியாக இருந்த ஹான்ஸ் கிராஸ் 1893-ல் குற்ற விசாரணைக்கு ஒரு பெரிய கையேடு எழுதினார். சம்பவ இடத்துக்குப் போனதும் எதையும் தொடாமல் முதலில் நின்று பார், பார்த்ததை எழுது என்பது அதன் பாடம். அதை இந்திய நிலைமைக்கு ஏற்ப ஆங்கிலத்தில் கொண்டுவந்தவர்கள் ஜான் ஆடம், கோலியர் ஆடம் என்ற இருவர். 1906-ல் அந்தப் புத்தகம் அச்சானது சென்னையில். அதற்கும் முன்னால், 1849-லேயே சென்னையில் ரசாயனப் பரிசோதகர் ஆய்வகம் வந்துவிட்டது. இன்றைய தமிழ்நாடு தடய அறிவியல் துறைக்கு அதுதான் வேர். நூறு வருடத்துக்கு மேல் ஒரு ஊரில் இருக்கிற அறிவு, கடைசி ஸ்டேஷனின் கடைசிப் போலீஸ்காரருக்கு ஒரு சருவமாகத்தான் வந்து சேர்ந்தது என்பது வருத்தமான விஷயம். அவருக்குப் பயிற்சிப் பள்ளியில் அணிவகுப்பைச் சொல்லிக்கொடுத்த அளவுக்குத் தடத்தைச் சொல்லிக்கொடுக்கவில்லை.

பொறுமையாகப் பார்த்தால் என்ன கிடைக்கும் என்பதற்கு ஸ்ரீபெரும்புதூரைச் சொல்வார். 1991 மே 21 இரவு, ராஜீவ் காந்தியோடு பலரும் சிதறிக் கிடந்த அந்த இடத்தில், இறந்துபோன புகைப்படக்காரர் ஹரிபாபுவின் கேமரா உடையாமல் கிடைத்தது. உள்ளே பத்துப் படங்கள். மாலையோடு நின்ற கொலையாளிப் பெண்ணையும், குர்தா பைஜாமாவில் நின்ற சதிகாரன் சிவராசனையும் உலகம் அதில்தான் முதலில் பார்த்தது. துண்டு துண்டான துணியிலிருந்தும் கம்பியிலிருந்தும் இடுப்பில் கட்டிய வெடி எப்படி இருந்திருக்கும் என்று வடித்துக் காட்டியவர் தமிழ்நாட்டுத் தடய அறிவியல் துறையின் இயக்குநராக இருந்த பி.சந்திரசேகரன். அந்தக் கேமராவை அன்றிரவு யாராவது எடுத்துப் போயிருந்தால், அல்லது பின்மூடியைத் திறந்து பார்த்திருந்தால்?

இனி அவர் பேசத் தயங்குகிற ஒன்று.

அவர் ரைட்டராக இருந்த ஒரு ஸ்டேஷனில், தொண்ணூறுகளில் நடந்தது. இரவு ஒன்பது மணிக்கு மேல், வீட்டு வாசலில் வைத்து ஒருவரை வெட்டிவிட்டார்கள். பார்த்த சாட்சி அவருடைய மனைவி. வெட்டியவனின் முகத்தைத் தெருவிளக்கு வெளிச்சத்தில் பார்த்தேன் என்று வாக்குமூலத்தில் தெளிவாகச் சொன்னாள். மறுநாள் காலை பட்டப்பகலில் பார்வை மகஜர் எழுதினார்கள். இன்ஸ்பெக்டர் சொன்னார், இவர் எழுதினார். வடக்கே ரோடு, தெற்கே வீடு, கிழக்கே கிணறு, மேற்கே புளியமரம். ரத்தக் கறை, அறுந்த செருப்பு, உடைந்த வளையல் துண்டு, எல்லாம் அளவோடு. மாதிரி வரைபடமும் போட்டார்.

தெருவிளக்கை எழுதவில்லை.

பகலில் எரியாத விளக்கு கண்ணில் படவில்லை. மகஜரில் இல்லை, வரைபடத்திலும் இல்லை. கம்பத்தின் எண்ணைக் குறித்து, அன்றிரவு அந்த நேரத்தில் கரண்ட் இருந்தது என்று மின்வாரிய ஊழியரை விசாரித்துச் சான்று வாங்கியிருக்க வேண்டும். அதுவும் நடக்கவில்லை. குறுக்கு விசாரணையில் எதிர்த்தரப்பு வக்கீல் அந்தப் பெண்ணிடம் அதிகம் கேட்கவில்லை. மகஜரைக் கையில் எடுத்துக்கொண்டு போலீசைத்தான் கேட்டார். சம்பவ இடத்தில் வெளிச்சம் இருந்ததாக உங்கள் ஆவணத்தில் எங்கே இருக்கிறது? பதில் இல்லை. சாட்சி முகத்தைப் பார்த்திருக்க முடியுமா என்ற சந்தேகம் விழுந்தது. சந்தேகத்தின் பலன் எதிரிக்குப் போனது.

கோர்ட் வாசலில் அந்தப் பெண் அவரிடம் வந்து கேட்டாள்: “லைட்டு எரிஞ்சுதே சாரே. நான் பாத்தேனே. நீங்களும் பாத்தியளே?” பார்த்திருந்தார். இரவே முதலில் போய்ச் சேர்ந்தவர் அவர்தான். அந்த விளக்குக்குக் கீழே நின்றுதான் கூட்டத்தை விலக்கினார். அந்த வெளிச்சத்திலேதான் தன் குறிப்பேட்டில் நேரத்தை எழுதினார். ஆனால் மகஜரில் எழுதியது மட்டும்தான் கோர்ட்டுக்குத் தெரியும்.

அதற்குப் பிறகு இரவுச் சம்பவம் எதுவானாலும் அவர் மறுநாள் இரவும் அதே நேரத்தில் அந்த இடத்துக்குப் போய் நின்றார். வெளிச்சம் எங்கிருந்து வருகிறது, எதன் நிழல் எங்கே விழுகிறது, எத்தனை அடி தூரத்தில் முகம் தெரிகிறது என்று பார்த்தார். மின்கம்பத்தின் எண்ணைத்தான் வரைபடத்தின் நிலைப்புள்ளியாக வைத்தார். வாழை மரத்தை வைத்து அளந்தால் வழக்கு கோர்ட்டுக்கு வருவதற்குள் வாழை குலை தள்ளி வெட்டுப்பட்டிருக்கும், கம்பம் நிற்கும். எஃப்.ஐ.ஆர். நீதித்துறை நடுவரிடம் எத்தனை மணிக்குச் சேர்ந்தது என்பதையும் அவ்வளவு கவனமாகப் பார்த்தார். இடையில் விளக்கமில்லாத நாலு மணி நேரம் இருந்தால், அந்த நாலு மணி நேரத்தில் கதை எழுதினீர்கள் என்று வக்கீல் சொல்வார். அலுவலகம் திறக்கும்வரை காத்திராமல், நடுவரின் வீட்டுக் கதவைத் தட்டி அதிகாலை மூன்று மணிக்குக் கொடுத்துவிட்டு வந்த நாட்களும் உண்டு.

2020 ஜனவரி 8 இரவு, களியக்காவிளை சந்தை ரோட்டுச் சோதனைச் சாவடியில் பணியில் இருந்த சிறப்பு உதவி ஆய்வாளர் வில்சனைச் சுட்டுக் கொன்றார்கள். ஓய்வுபெற்று ஒரு வருடம்கூட ஆகாத இவருக்கு அன்றிரவு தூக்கமில்லை. அதே பதவி, அதே வயதுக்காரர். தங்களில் ஒருவர் விழுந்துகிடக்கும் இடத்துக்கு ஓடிவருகிற காக்கிச் சட்டைகள்கூட அந்த நேரத்தில் மகன்களும் தம்பிகளும்தான். அவர்களைக் கயிறு கட்டி வெளியே நிறுத்துவது ஒரு அதிகாரிக்கு எவ்வளவு கடினம் என்பதை அவர் அறிவார். அந்த வழக்கில் முதல் பிடி கிடைத்தது பக்கத்துப் பள்ளிவாசலின் கண்காணிப்புக் கேமராவில்; இருவர் ஓடுவது அதில் பதிவாகியிருந்தது. ஜனவரி 14-ல் உடுப்பியில் இருவர் கைதானார்கள். 23-ம் தேதி எர்ணாகுளம் பஸ் நிலையம் அருகே சாக்கடையிலிருந்து துப்பாக்கி எடுக்கப்பட்டது. பிறகு வழக்கு தேசியப் புலனாய்வு முகமைக்குப் போனது.

சாக்கடையிலிருந்து ஆயுதத்தை எடுப்பது டி.வி.யில் பார்க்க ஒரு நிமிடக் காட்சி. அதற்குப் பின்னால் அன்றைய சாட்சியச் சட்டத்தின் 27-வது பிரிவு நின்றது. பிடிபட்டவர் போலீசிடம் சொல்வது சாட்சியம் ஆகாது. அவர் சொல்லி, அதன்படி ஒரு பொருள் கண்டெடுக்கப்பட்டால், அந்தக் கண்டெடுப்புக்கு வழிகாட்டிய அளவுக்கு மட்டும் அந்தச் சொல் ஏற்கப்படும். 1946-ல் பழைய சென்னை மாகாணத்தின் குண்டூர் பக்கத்து வழக்கு ஒன்றில், புலுகூரி கோட்டய்யா வழக்கில், பிரிவி கவுன்சில் இந்த எல்லையைப் போட்டது. எனவே யார் முன்னிலையில் எடுத்தோம், எடுக்கும் முன் அது எப்படிக் கிடந்தது, எடுத்தபின் யார் கைக்குப் போனது என்று ஒவ்வொரு கைமாற்றும் எழுத்தில் இருந்தாக வேண்டும்.

கேமரா வந்தபிறகு வேலை சுலபமாகிவிட்டதாக நினைப்பது தவறு. பல கடைகளின் பதிவுப் பெட்டி சில நாட்களில் பழையதை அழித்து மேலே எழுதும். அதன் கடிகாரம் ஏழு நிமிடம் முந்தியோ, சில இடத்தில் ஒரு மணி நேரம் பிந்தியோ ஓடும். பெட்டியின் நேரத்தையும் சரியான நேரத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எழுதாவிட்டால், ஒரே ஆள் ஒரே நேரத்தில் இரண்டு இடத்தில் நின்றதாகிவிடும். 2020 ஜூனில் சாத்தான்குளத்தில் தகப்பன் ஜெயராஜும் மகன் பென்னிக்ஸும் அடிபட்டது போலீஸ் ஸ்டேஷனுக்குள்ளேயே. அங்கே கேமராப் பதிவு அன்றன்றைக்கு அழியும்படி வைக்கப்பட்டிருந்ததை விசாரிக்கப் போன நீதித்துறை நடுவர் உயர் நீதிமன்றத்துக்கு எழுதினார். தடயத்தைக் காப்பாற்ற ஸ்டேஷனையே வருவாய்த் துறையின் கட்டுப்பாட்டில் கொண்டுவரச் சொன்னது மதுரைக் கிளை. காக்கி உடுத்த ஒவ்வொருவரும் அந்த உத்தரவை வாசிக்க வேண்டும் என்று அவர் மனசாரச் சொல்கிறார்.

2022-ல் எல்லையோரத்து ராமவர்மன்சிறை. பளுகல் ஸ்டேஷன் எல்லையில் உள்ள காதலியின் வீட்டுக்கு அக்டோபர் 14 அன்று வந்த, பாறசாலையைச் சேர்ந்த கல்லூரி மாணவர் ஷாரோன் ராஜுக்குக் கஷாயத்தில் களைக்கொல்லி கலந்து கொடுக்கப்பட்டது. பாராகுவாட். உடலில் கலந்ததில் பெரும்பகுதி முதல் நாளிலேயே சிறுநீரில் வெளியேறிவிடும், ஆனால் நுரையீரலையும் சிறுநீரகத்தையும் அழித்துக்கொண்டே போகும். 25-ம் தேதி அவர் திருவனந்தபுரத்தில் இறந்தார். நடுவரிடம் கொடுத்த வாக்குமூலத்தில் அந்தப் பெண்மேல் சந்தேகம் சொல்லவில்லை.

பதினோரு நாள் கழித்துத்தான் அந்த வீடு ‘சம்பவ இடம்’ ஆகிறது என்பதை யோசித்துப் பார்க்க வேண்டும். அதற்குள் டம்ளர் எத்தனை முறை கழுவப்பட்டிருக்கும்? கேரளப் போலீஸ் விசாரித்தது. சம்பவ இடமோ தமிழ்நாட்டில். வழக்கு யாருடையது என்ற கேள்வியே எழுந்தது. களைக்கொல்லிப் பாட்டில் வீட்டுக்குப் பக்கத்துக் குளத்தருகே புதரில் கிடைத்தது. போலீஸ் சீல் வைத்த வீட்டின் பூட்டு சில நாட்களில் உடைக்கப்பட்டுக் கிடந்தது. இவ்வளவுக்கும் நடுவே வழக்கு நின்றதற்கு டாக்டர்கள் எழுதிவைத்த குறிப்புகளும், செல்போனில் கிடைத்த உரையாடல்களும், அந்த விஷத்தைப் பற்றி இணையத்தில் தேடியதன் பதிவும் துணையாயின. 2025 ஜனவரி 20-ல் நெய்யாற்றின்கரை நீதிமன்றம் அந்தப் பெண்ணுக்கு மரண தண்டனையும், தடயத்தை மறைத்த மாமனுக்கு மூன்று வருடச் சிறையும் விதித்தது. மேல்முறையீடு உயர் நீதிமன்றத்துக்குப் போயிருக்கிறது. சீல் வைத்த வீட்டுக்கு இரவும் பகலும் ஒரு ஆளைப் பாரா போட்டிருக்க வேண்டும் என்று இவர் இன்றைக்கும் ஆதங்கப்படுகிறார். அரக்கும் துணியும் ஒரு பூட்டைக் காக்காது.

2024 ஜூலை 1 முதல் புதிய நடைமுறைச் சட்டம். ஏழு வருடமும் அதற்கு மேலும் தண்டனைக்குரிய குற்றமானால் தடயவியல் நிபுணர் சம்பவ இடத்துக்கு வர வேண்டும், வீடியோ எடுக்க வேண்டும். இதற்கான ஏற்பாட்டைச் செய்ய மாநிலங்களுக்கு ஐந்து வருட அவகாசம். சோதனையையும் கைப்பற்றுவதையும் படம்பிடிப்பது இப்போதே கட்டாயம். நல்ல மாற்றம். பகலில் எடுத்த வீடியோவிலும் எரியாத விளக்கு எரியாத விளக்காகத்தான் தெரியும் என்பதையும் அவர் சேர்த்துச் சொல்கிறார்.

புதிதாக வேலைக்குச் சேர்ந்த இளைஞர்கள் சிலர் ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டுத் திண்ணைக்கு வருவதுண்டு. முற்றத்து மண்ணில் ஒரு குச்சியை நட்டு, அதிலிருந்து அளவு பிடிக்கச் சொல்வார். ஒருவர் சொல்ல ஒருவர் எழுத வேண்டும். எழுதியதை வாங்கி, இடத்தைப் பார்க்காமல் திரும்ப வரைந்து காட்டுவார். வரைய முடியாத இடத்தில் நிறுத்தி, “இங்க என்ன இருந்துது மக்களே?” என்று கேட்பார்.

அந்தப் பழைய தெருவில் இப்போது எல்.இ.டி. விளக்கு. கம்பத்தையும் மாற்றிவிட்டார்கள், எண்ணும் வேறு. ஆனால் நட்ட குழி அதேதான். போன ஆடியில் அந்த வழியாகப் போனபோது பைக்கை ஓரம் கட்டினார். கம்பத்திலிருந்து அந்த வீட்டு வாசல்வரை காலடி வைத்து அளந்தார். பதினேழு அடி. வீட்டுக்குள்ளிருந்து யாரும் எட்டிப் பார்க்கவில்லை. சட்டைப்பையிலிருந்த சின்ன நோட்டில் அதை எழுதிக்கொண்டார்.